என் அலமாரியும் என் நாக்கும்: கேட்டவர்களுக்கு ஒரு பதில்



தீபாவளிக்கு மகள் முகநூலில் போட்ட குடும்பப் படத்தில் எனக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி ஒன்று தெரிந்தது. அதில் என்ன புத்தகம் வைத்திருக்கிறேன் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்குப் போத்தல்கள் கண்ணில் பட்டுவிட்டன. அன்றிலிருந்து புலனத்தில் ஒரே கேள்விகள். "சார், நீங்களுமா?" என்று பழைய மாணவன் ஒருவன். "மாமா, ஒவ்வொண்ணும் என்ன விலை?" என்று தங்கை மகன். "அண்ணே, வயசான காலத்துல இது தேவையா?" என்று சித்தப்பா மகள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என்னால் முடியவில்லை. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் பொறுத்துக்கொண்டதைப் போல இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சார், நீங்களுமா?" என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆறாம் ஆண்டு வகுப்பில் குடியைப் பற்றி நான் எப்படிப் பேசினேன் என்று அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளன்று மாலை அம்மா வாசலில் நின்று யாருக்காகக் காத்திருப்பார், எதற்காகக் காத்திருப்பார் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். பிறகு நானே ஆசிரியரானபோது, வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் பிள்ளையை அதட்டுவதற்கு முன்னால், நேற்று ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அன்று வகுப்பில் சொன்ன ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விலை உயர்ந்த போத்தலில் இருப்பதால் அது நல்ல பொருளாகிவிடாது. கள்ளில் இருப்பதும் சம்சுவில் இருப்பதும் இருபது வருட விஸ்கியில் இருப்பதும் அதே ஆல்கஹால்தான். "நான் குடிப்பது சிங்கிள் மால்ட், அவன் குடிப்பது மட்டமான சரக்கு" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்னால் எழுந்து பால்மரக் காட்டுக்குப் போய் வந்த மனிதனுக்குப் பொழுதுபோக்கு என்று கிடைத்தது அந்தக் கடை ஒன்றுதான். அவரைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை.

அப்படியானால் எனக்கு இது எப்படி வந்தது? ஐம்பது வயதுவரை நான் தொட்டதில்லை. எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்க்கப் போனபோதுதான் ஆரம்பித்தது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஐலா என்று ஒரு தீவு. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் "இஸ்லே" என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் "ஐலா" என்கிறார்கள். கென்னகிரெய்க் என்ற துறையிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். மகளுக்குக் கடல் பார்க்க ஆசை, நான் துணைக்குப் போனேன்.

அங்கே போமோர் என்ற சிற்றூர். அதன் மேட்டில் 1767-இல் கட்டிய வட்ட வடிவத் தேவாலயம் இருக்கிறது. சாத்தான் ஒளிந்துகொள்ள மூலையே இருக்கக் கூடாது என்று வட்டமாகக் கட்டினார்களாம். அங்கிருந்து தெரு நேராக இறங்கிக் கடலைத் தொடும் இடத்தில் 1779 முதல் விஸ்கி காய்ச்சும் ஆலை நிற்கிறது. மழை பெய்ததால் உள்ளே ஒதுங்கினோம். சுற்றிக் காட்டினார்கள்.

வாற்கோதுமையைத் தண்ணீரில் ஊறவைத்து, பெரிய கல் தரையில் பரப்பி, முளைக்க விடுகிறார்கள். நம் வீட்டில் பயறு முளைகட்டுவது போலத்தான். ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமலும் சூடேறாமலும் இருக்க மரத் துடுப்பால் அடிக்கடி புரட்டிவிட வேண்டும். முளை விட்டதும் சூளைக்கு மேல் பரப்பிக் காயவைக்கிறார்கள். எரிப்பதற்குப் பீட் என்ற கரி மண். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி மக்கி உண்டானது. அதன் புகைதான் தானியத்தில் ஏறுகிறது. பிறகு அரைத்து, வெந்நீர் ஊற்றி இனிப்புச் சாறு இறக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்து, செப்புக் கொப்பரையில் இரண்டு தடவை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் அடைத்துவிடுகிறார்கள்.

அந்தச் சூளைக் கதவருகே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா வேலை பார்த்தது தோட்டத்துப் புகைக்கூடத்தில். பாலை உறையவைத்து, உருளையில் அழுத்திய ரப்பர் தாள்களைக் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நாள்கணக்காகப் புகை போடுவார்கள். அப்பாவின் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிய அந்தப் புகை குளித்தாலும் போகாது. பீட் வேறு, ரப்பர் மரக்கட்டை வேறு. ஆனாலும் என் மூக்குக்கு இரண்டும் உறவு. அங்கே கொடுத்த சின்னக் குவளையில் இருந்ததை ஒரு வாய் வைத்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மனிதரின் தோள் வாசனை வந்தது.

இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. கடற்பாசி, மருத்துவமனை, அயோடின் என்றெல்லாம்தான் ஐலா விஸ்கியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியது அவர்கள் மூக்குக்குச் சரி.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். அந்த ஆலையின் பழைய கிடங்கு ஒன்று ஊருக்கு நீச்சல் குளமாகியிருக்கிறது. ஆலையில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டே குளத்து நீரைச் சூடாக்குகிறார்கள். குளிர்ந்த கடலுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தீவின் பிள்ளைகள் வெதுவெதுப்பான தண்ணீரில் நீந்துகிறார்கள். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று அன்று யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

சரி, "சிங்கிள் மால்ட்" என்றால் என்ன? கேட்டவர்கள் நிறைய. ஒரே பீப்பாய் என்று நினைக்கிறார்கள், அது தவறு. "சிங்கிள்" என்றால் ஒரே ஆலை. "மால்ட்" என்றால் முளைகட்டிய வாற்கோதுமை; வேறு தானியம் கூடாது. 2009-இல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைப்படி கொப்பரையில் காய்ச்சி, ஸ்காட்லாந்திலேயே 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கல்யாண விருந்து மேசைகளில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை பல ஆலைகளின் மால்ட்டோடு வேறு தானிய விஸ்கியும் சேர்த்த கலவை. கலவை என்பதால் மட்டம் என்று பொருளில்லை. பல காலம் மால்ட் எல்லாம் கலவைக்குத்தான் போனது. 1963-இல் கிளென்ஃபிடிக் தன் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் விளம்பரப்படுத்தி விற்கத் தொடங்கிய பிறகுதான் உலகம் அதைத் தனியாகக் கவனித்தது.

சுவையில் பெரும்பங்கு பீப்பாயிலிருந்து வருகிறது. அமெரிக்க போர்பன் விஸ்கிக்குப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு தடவை பயன்படுத்தியதும் அது ஸ்காட்லாந்துக்கு வருகிறது. அந்த மரம் கொடுப்பது வனிலா, தேங்காய் வாசனை. நம் காலைப் பசியாறலில் ரொட்டிக்குத் தடவும் காயாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் செர்ரி ஒயின் இருந்த பீப்பாயானால் உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல்.

ஓய்வு பெற்ற நண்பர்கள் நாங்கள் நால்வர். ஒரு போத்தல் வாங்கினால் காசை நாலாகப் பிரித்துக்கொள்வோம். அதில் ஒருவர் தோட்ட மருத்துவமனையில் டிரசராக இருந்தவர். ஒரு நாள் லஃப்ராய்க் திறந்தோம். ஐலாவின் தென்கரை ஆலை. புகையும் மருந்து வாசனையும் தூக்கலாக இருக்கும். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது மருந்து என்று சொல்லியே விற்றார்கள் என்று கதை உண்டு. நண்பர் குவளையை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். "வாத்தியாரே, முப்பத்தஞ்சு வருசம் இந்த வாடையிலதான் வேலை பார்த்தேன். இப்ப காசு கொடுத்து வேற மோந்து பார்க்கணுமா?" என்றார். நாங்கள் சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அவருக்குப் பிடித்தது ஸ்பே ஆற்றுப் பக்கத்தின் மெல்லிய வகை: பச்சை ஆப்பிள், தேன். எனக்கு அது பள்ளி விழாவில் கொடுக்கும் சர்பத் மாதிரி இருக்கும். அவர் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி. கணக்குப் பாடத்தில் இப்படி விட்டிருக்க மாட்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். பிறர் நாக்கை நம்பி வாங்காதீர்கள்.

பிறர் நாக்கு மூன்று வேடத்தில் வரும். முதலாவது வயது. போத்தலில் 12, 18 என்று எழுதியிருப்பது அதிலுள்ள விஸ்கிகளில் ஆக இளையதன் வயது. வயது கூடினால் மரத்தின் சுவை கூடும், புகை அடங்கும், விலை ஏறும். பிடிக்குமா என்பது வேறு. பெங்களூரில் அம்ருத் ஆலை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் காற்றில் போகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரின் வெப்பத்தில் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் போகும். அதனால் நாலைந்து வருடத்திலேயே அங்கே விஸ்கி முதிர்ந்துவிடுகிறது. 2004-இல் அதைக் கொண்டுபோய் முதலில் அறிமுகப்படுத்திய ஊர் எது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ! இந்திய வாற்கோதுமையும் ஸ்காட்லாந்தின் புகையேற்றிய வாற்கோதுமையும் சேர்ந்த அவர்களின் ஃபியூஷன் என் அலமாரியில் எப்போதும் இருக்கும். அதில் வயது எழுதியிருக்காது.

இரண்டாவது மதிப்பெண். நூற்றுக்கு இத்தனை என்று விஸ்கிக்கு மார்க் போடும் புத்தகங்கள் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க மார்க் போட்டவன் நான். ஒரே கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு மார்க் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் விஸ்கி நோட்டில் மார்க் கிடையாது. பெயர், திறந்த தேதி, எதை நினைவூட்டியது, மறுபடி வாங்குவேனா? அவ்வளவுதான்.

மூன்றாவது விலை. 2023 நவம்பரில் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் 1926-இல் காய்ச்சிய மெக்காலன் போத்தல் ஒன்று 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதைத் திறந்து குடிப்பார்களா? சந்தேகம்தான். அது தங்கக் கட்டி வாங்குவது மாதிரி ஒரு வியாபாரம். தங்கை மகன் "மாமா, வாங்கி வச்சா விலை ஏறுமா?" என்று அடிக்கடி கேட்கிறான். தம்பி, ஏறும், இறங்கும், போலியும் வரும். அதற்கு என்னிடம் வராதே.

என் சேமிப்புக்குச் சில விதிகள் உண்டு. பன்னிரண்டு போத்தலுக்கு மேல் இருக்காது. புதிதாக ஒன்று வர வேண்டுமானால் பழையது ஒன்று தீர வேண்டும். சுவைத்துப் பார்க்காமல் முழுப் போத்தல் வாங்குவதில்லை. திறக்காமல் அழகுக்கு வைப்பதில்லை. லங்காவி தீர்வையற்ற கடைக்குப் போனால் அனுமதித்த அளவோடு திரும்பிவிடுவேன். ஓய்வூதியத்தில் வீட்டுச் செலவு, மருந்து, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் இது. என் மனைவிக்குக் கணக்குத் தெரியும். நோட்டில் விலையையும் எழுதிவைப்பேன்.

போத்தலை நிறுத்தி வையுங்கள், படுக்கவைக்காதீர்கள். ஒயின் மாதிரி இல்லை. இதில் ஆல்கஹால் அதிகம் என்பதால் கார்க் கெட்டுவிடும். வெயில் படக் கூடாது. அடைத்தபின் விஸ்கிக்கு வயது கூடாது. பன்னிரண்டு வருட விஸ்கியைப் பத்து வருடம் வைத்திருந்தாலும் அது பன்னிரண்டுதான். கால் போத்தலாகக் குறைந்தால் உள்ளே காற்று கூடிச் சுவை மங்கும். சின்னப் போத்தலில் மாற்றிவிடுவேன்.

சுவைக்கும் முறை என் வழக்கம் இது. சனிக்கிழமை இரவு, சாப்பிட்ட பிறகு, 25 மில்லி. வாய் குறுகிய குவளை. முதலில் வாயை லேசாகத் திறந்தபடி முகர வேண்டும், இல்லையென்றால் காரம்தான் ஏறும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பழக்கிய பிறகு ஒரு சிறு வாய். பிறகு தேக்கரண்டியால் சில துளி தண்ணீர். தண்ணீர் விட்டதும் வாசனை மாறும். 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். புகை வாசனை தரும் குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் அதிகமாக இருந்தால் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் சேர்த்து 45 சதவீதத்துக்கு இறங்கும்போது மேற்பரப்புக்கு வருகிறது. ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும். உங்களுக்கு ஐஸ் போட்டால்தான் பிடிக்கிறதா? போட்டுக்கொள்ளுங்கள். நாக்கு உங்களுடையது. அந்த 25 மில்லி எனக்கு ஒரு மணி நேரம் வரும்.

இப்போது சித்தப்பா மகளுக்குப் பதில். தங்கச்சி, தேவையா என்று கேட்டால், தேவை இல்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு நான் குடிப்பதில்லை. கொஞ்சம் ஆபத்து உண்டு என்று தெரிந்தே வாரம் ஒரு குவளை. டாக்டருக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் நிறுத்தச் சொல்லும் நாளில் நோட்டை மூடிவிடுவேன். மோந்து பார்ப்பதை மட்டும் விட மாட்டேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பர் முதல் நம் நாட்டுச் சட்டம். மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர்பேர் தெரியாத போத்தலைத் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது குடித்து எத்தனை பேர் இறந்தார்கள் என்று மறந்துவிட வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். முஸ்லிம் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் நான் அலமாரிக்குத் திரை போட்டுவிடுவேன். அது அவர்களுக்கு நான் தரும் மரியாதை.

என் மாணவன் ஒருவன் இருக்கிறான், பெயர் வேண்டாம். குடியால் வேலையை இழந்து, மனைவி பிள்ளைகள் பிரிந்துபோய், பிறகு ஒரு நாள் நிறுத்தினான். நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. மாதம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருவான். அவன் வரும் நாளில் திரை மட்டும் போடுவதில்லை, அந்த அறையிலேயே உட்கார மாட்டோம். பின்வாசல் மாமரத்தடியில் உட்கார்ந்து தே தாரேக் குடிப்போம். ஒரு நாள் அவனே கேட்டான்: "சார், உங்களால ஒரு கிளாசோட எப்படி நிறுத்த முடியுது?" எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். "ஐயா, அது என் கெட்டிக்காரத்தனம் இல்ல. எனக்கு நிக்குது, உனக்கு நிக்கல. சர்க்கரை வியாதி ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரல, அதுபோலத்தான். நீ ஒரு சொட்டுகூட தொடாம இருக்கறதுதான் பெரிய காரியம். நான் செய்யறது ஒண்ணும் பெரிசு இல்ல." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தே போடவா சார்?" என்று எழுந்து போனான்.

நிறுத்தியவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு என் வணக்கம். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்கு எதுவும் குறையவும் இல்லை. நாக்கு காப்பிக்கும் இருக்கிறது, மாம்பழத்துக்கும் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் மாணவர்கள் இனி எனக்குப் போத்தல் வாங்கி அனுப்ப வேண்டாம். பன்னிரண்டுக்கு மேல் இடமில்லை. அந்தக் காசுக்கு நாம் படித்த பள்ளியின் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். உங்கள் நாக்கையும் மூக்கையும் பழைய நாளுக்கு இழுத்துக்கொண்டு போகிற சுவையோ வாசனையோ உங்களுக்கும் ஏதாவது இருக்கும். அது எதுவானாலும் கீழே எழுதுங்கள். பதில் போடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தியும் விடுவேன்.

அன்புடன்,
உங்கள் சார்